நாற்பத்தைந்து மடங்கு

சென்ற மாதம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். திருநங்கை, வயது முப்பத்து நான்கு. பன்னிரண்டு வருஷமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாராம். 'ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் அபாயம் பல மடங்கு' என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் தூக்கமில்லை. தெருமுனை டாக்டரிடம் போய்க் கேட்டதற்கு அவர் தலை நிமிராமல், "எல்லாத்தையும் நிறுத்திடு" என்றிருக்கிறார். 'நிறுத்தட்டுமா சார்? நிறுத்தினால் நான் நானாக இருப்பேனா?' என்று முடித்திருந்தார். கீழே ஒரு போன் நம்பர்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் 'பல மடங்கு' எங்கிருந்து கிளம்பியது என்று தேடலாம் இல்லையா? தேடிக்கொண்டு போனால் அது ஒரு தொடர்கதையில் போய் நின்றது. ஐந்து பாகம். முதல் பாகம் 1989, ஐந்தாவது 2021. எல்லாம் ஒரே ஊர், ஆம்ஸ்டர்டாம், ஒரே ஆஸ்பத்திரி. இந்தப் பகுதியில் நாவல்களையும் சினிமாக்களையும் விமர்சித்து வேண்டிய அளவு பகை சம்பாதித்திருக்கிறேன். இந்த முறை ஐந்து மருத்துவக் கட்டுரைகளை அதே மாதிரி உட்கார்ந்து விமர்சிக்கப் போகிறேன். நாவல் மோசமாக இருந்தால் போவது நூற்றைம்பது ரூபாய். இது அப்படியில்லை.

தொடருக்கு முன்கதை ஒன்று உண்டு. 1960-களில் அமெரிக்க இதய டாக்டர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவு. பெண்களிடம் நிறைய இருப்பது ஈஸ்ட்ரோஜன். சரி, அதை ஆண்களுக்குக் கொடுத்தால்? ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து பிழைத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஆண்களைச் சேர்த்து, 'கரோனரி டிரக் ப்ராஜெக்ட்' என்று பெயர் வைத்து, பல மருந்துகளைச் சோதித்தார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜன். மருந்தின் பெயர் பிரெமரின். கர்ப்பமான பெண் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுப்பது. ஆங்கிலத்தில் அந்த வார்த்தைகளைச் சுருக்கினால் அதுதான் பெயர். 1970-ல் அதிக டோஸை அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. மாரடைப்பு குறைவதற்குப் பதில் கூடியிருந்தது, ரத்தக் கட்டிகளும் கூட. 1973-ல் குறைந்த டோஸையும் பிரயோஜனமில்லை என்று கைவிட்டார்கள்.

முப்பது வருஷம் கழித்துப் பெண்களுக்கே அதே பாடம். மாதவிடாய் நின்ற 16,608 அமெரிக்கப் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரை, மறுபாதிக்கு வெறும் மாத்திரை. 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்று, பக்கவாதம், ரத்தக் கட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அதிகம். இதய நோய் 29 சதவிகிதம் அதிகம் என்று பேப்பர்களில் கொட்டை எழுத்தில் வந்தது. அதே ஆராய்ச்சியை வேறு மாதிரியும் சொல்லலாம்: மாத்திரை இல்லாவிட்டால் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் 30 பேருக்கு, மாத்திரை எடுத்தால் 37 பேருக்கு. இரண்டும் உண்மை. ஒன்று தூக்கத்தைக் கெடுக்கும், மற்றது யோசிக்க வைக்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி வரும்.

இப்போது ஆம்ஸ்டர்டாம். அங்கே வி.யு. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 1972-லிருந்து பால் மாறுகிறவர்களுக்கு ஹார்மோன் கொடுத்து வருகிறார்கள். லூயி கோரன் என்கிற ஹார்மோன் நிபுணர்தான் இந்தத் தொடரின் முக்கியப் பாத்திரம். உலகத்தில் பல ஊர்களில் இவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் வரவேற்றுச் சிகிச்சை கொடுத்ததோடு நிற்காமல், கொடுத்த மருந்தால் என்ன ஆயிற்று என்று கணக்கும் வைத்துக்கொண்ட இடம். இந்த இரண்டாவது காரியத்துக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன்.

முதல் பாகம், 1989. ஹெங்க் அஸ்ஷேமன், கோரன், இன்னொருவர். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ வந்த 303 பேர், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ வந்த 122 பேர். முதல் வகையினருக்கு ரத்தம் நாளங்களில் உறைந்து கட்டியாகும் தொல்லை, எதிர்பார்த்ததைவிட 45 மடங்கு!

நாற்பத்தைந்து. வாட்ஸப்பில் வந்த 'பல மடங்கு'க்கு இதுதான் கொள்ளுத்தாத்தா. காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆள் போய்விடலாம், விளையாட்டு இல்லை. ஆனாலும் கணக்கைப் போடுங்கள். இளவயதுக்காரர்களில் இது பத்தாயிரம் பேருக்கு வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. ஒன்று என்று வைத்து 45-ஆல் பெருக்கினால் பத்தாயிரத்தில் 45, நூற்றுக்கு அரையைவிடக் குறைவு. அப்பாடா என்கிறீர்களா? பொறுங்கள். அது ஒரு வருஷத்துக்கு. பத்து வருஷம் சாப்பிட்டால் நூற்றுக்கு நாலைந்து பேர். அலட்சியப்படுத்தும் எண்ணே இல்லை. பயமுறுத்துவதற்கு 'மடங்கு' என்றும் சமாதானப்படுத்துவதற்கு 'நூற்றுக்கு' என்றும் சொல்வது நம் வழக்கம். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர் குறைவு.

அதே கட்டுரையில் யாரும் மேற்கோள் காட்டாத இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த 303 பேரில் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு. காரணம் ரத்தக் கட்டி அல்ல. தற்கொலை, அப்புறம் காரணம் தெரியாத சாவு. மருந்தின் பக்கவிளைவை அளக்கப் போனவர்கள் ஊரின் பக்கவிளைவையும் அளந்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுதத் தெரியாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள் என்பது என் முதல் புகார்.

சரி, அவர்களுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? இங்கேதான் கதையின் வில்லன் வருகிறார், வந்தது தெரியாமலே. எத்தினைல் எஸ்ட்ராடியால், தினம் 100 மைக்ரோகிராம். கூடவே ஆண் ஹார்மோனை அடக்க சைப்ரோடெரோன்.

வில்லனைப் பற்றிக் கொஞ்சம். நம் உடம்பு தயாரிக்கும் பெண் ஹார்மோன் எஸ்ட்ராடியால். அதை அப்படியே வாயில் போட்டு விழுங்கினால் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகும். ஈரல் நம் வீட்டு வாட்ச்மேன் மாதிரி. தெரியாத ஆசாமியைப் பிடித்துப் பாதிக்கு மேல் உருக்குலைத்துத்தான் உள்ளே விடும். 1938-ல் பெர்லினில், ஷெரிங் கம்பெனியின் இரண்டு விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். எஸ்ட்ராடியாலின் முதுகில் எத்தினைல் என்று ஒரு சின்ன ரசாயனக் கொக்கியை மாட்டிவிட்டார்கள். ஈரலால் அதை எளிதில் உடைக்க முடியவில்லை. துளியூண்டு மருந்தே போதும் என்றாயிற்று. பின்னால் வந்த கருத்தடை மாத்திரை சாத்தியமானது இதனால்தான், கோடிக்கணக்கான பெண்களுக்கு இதனால் விடுதலை. ஆனால் உடைக்க முடியாத விருந்தாளி ஈரலிலேயே தங்கி அதை அதட்டி வேலை வாங்குகிறார். ஈரல் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை அதிகம் தயாரித்துத் தள்ளுகிறது. இன்றைய சாதாரணக் கருத்தடை மாத்திரையில் இவர் 30 மைக்ரோகிராம். ஆம்ஸ்டர்டாமில் 100. அப்புறம் ரத்தம் உறையாமல் என்ன செய்யும்?

இரண்டாம் பாகம், 1997. கூட்டம் பெரிதாகிவிட்டது: 816 பேர், 293 பேர். மொத்தம் 10,152 ஆள்-வருஷக் கவனிப்பு. இப்போது ரத்தக் கட்டி 45 மடங்கிலிருந்து 20 மடங்காக இறங்கியிருந்தது. மொத்தச் சாவு ஊரில் மற்றவர்களைவிட அதிகமில்லை. முக்கியமான வரி கடைசியில்: நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டையாக, கொக்கி மாட்டாத அசல் எஸ்ட்ராடியாலைக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து கட்டிகள் குறைந்திருக்கின்றன. தோல் வழியாகப் போனால் வாட்ச்மேனைத் தவிர்த்துவிடலாம். நாவலில் கொலைகாரனின் பெயரை 200-ம் பக்கத்தில் ஒரு வேலைக்காரி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாளே, அந்த மாதிரி இடம். தலைப்பில் இருந்திருக்க வேண்டிய வரி.

2003-ல் அதே ஊர்க்காரர்கள் சோதனைச்சாலையில் பார்த்து உறுதி செய்தார்கள். எத்தினைல் மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தம், உறைவதைத் தடுக்கும் இயற்கை ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட மறுக்கிறது; பட்டை ஒட்டியவர்களின் ரத்தம் கிட்டத்தட்டச் சாதுவாக இருக்கிறது. அதே வருஷம் பிரான்சில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஆய்விலும் இதே வித்தியாசம்: வாய்வழி ஈஸ்ட்ரோஜனில் கட்டி அதிகம், தோல்வழியில் அதிகமில்லை.

மூன்றாம் பாகம், 2011. 966 பேர், 365 பேர். நடுத்தரமாக பதினெட்டரை வருஷம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். திருநங்கைகளில் சாவு பொது ஜனத்தைவிட 51 சதவிகிதம் அதிகம். தற்கொலை, எய்ட்ஸ், போதை, இதய நோய். இங்கேதான் கடைசியில் வில்லனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்: எத்தினைல் எஸ்ட்ராடியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, ரத்தநாள நோயால் சாகும் அபாயம் மூன்று மடங்கு. 1989-லேயே சந்தேகப்பட்டிருக்கலாம். 22 வருஷம். இந்தத் தொடரின் வேகம் நம் டிவி சீரியல்களுக்குச் சளைத்ததல்ல.

நான்காம் பாகம்தான் (2019) எல்லோரும் மேற்கோள் காட்டுவது, எல்லோரும் தப்பாகக் காட்டுவதும். தலைப்பே மாறிவிட்டதைக் கவனியுங்கள். 1989-ல் 'டிரான்ஸ்செக்ஷுவல் நோயாளிகள்' என்றிருந்தது, 2019-ல் 'டிரான்ஸ்ஜெண்டர் மனிதர்கள்' ஆகிவிட்டது. நம் ஊரில் அரவாணி என்றது திருநங்கை ஆன மாதிரி. 2008-ல் தமிழக அரசு நாட்டிலேயே முதலாவதாக நலவாரியம் அமைத்தபோது அதன் பெயர்கூட அரவாணிகள் நலவாரியம்தான்.

இந்தப் பாகத்தில் 2,517 திருநங்கைகள், 1,358 திருநம்பிகள். ரத்தக் கட்டி: பெண்களோடு ஒப்பிட்டால் ஐந்தரை மடங்கு, ஆண்களோடு ஒப்பிட்டால் நாலரை. பக்கவாதம்: பெண்களைவிட 2.4, ஆண்களைவிட 1.8 மடங்கு. இதுவரை சரி. மாரடைப்புக்கு வரும்போதுதான் வேடிக்கை. பெண்களோடு ஒப்பிட்டால் திருநங்கைகளுக்கு 2.64 மடங்கு அதிகம். ஆண்களோடு ஒப்பிட்டால்? 0.79. அதாவது அதிகமே இல்லை. செய்தி எழுதுகிறவர் எந்த எண்ணை எடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

யாரோடு ஒப்பிடுவது என்பதுதான் இந்த முழுத் தொடரின் ஆதாரப் பிரச்னை, என் பெரிய புகாரும் அதுதான். திருநங்கையைப் பெண்ணோடு ஒப்பிடுவது மரியாதை என்று தோன்றும். ஆனால் அவருடைய இதயம் முதல் இருபது முப்பது வருஷம் ஆண் ஹார்மோனில் ஊறியது. ஆணோடு ஒப்பிட்டால் கணக்குக்கு நெருக்கம் என்று தோன்றும். ஆனால் பக்கத்து வீட்டு ஆண் யாரும் பதினாறு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரில்லை, வேலை கிடைக்காமல் அலைந்தவரில்லை, வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரி போனால் எந்த வரிசையில் நிற்பது என்று யோசித்தவரில்லை. சரியான ஒப்பீடு, அதே வாழ்க்கை வாழ்ந்து ஹார்மோன் மட்டும் எடுக்காதவரோடு. அப்படிப்பட்டவர்கள் கிளினிக்குக்கே வருவதில்லை, எப்படி எண்ணுவது? புகைப்பழக்கத்தையும் மனஅழுத்தத்தையும் கழித்துப் பார்க்கவும் இந்த ஆய்வில் வழியில்லை. ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள், கடைசிப் பக்கத்தில். கடைசிப் பக்கம் வரை வாட்ஸப் போவதில்லை.

இந்த இடத்தில் என் சொந்த சமாசாரம் ஒன்று. எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதித் தரும் டாக்டரின் அறையில் இதய நோய்க்கான அபாயக் காரணிகள் என்று ஒரு பட்டியல் மாட்டியிருக்கிறது. புகை, சர்க்கரை, கொழுப்பு என்று போய் நடுவில் 'ஆணாக இருத்தல்' என்றும் ஒரு வரி. இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து, "அபாயமாச்சே, ஆணாக இருப்பதை நிறுத்திடுங்களேன்" என்று சொன்னதில்லை. உப்பைக் குறைக்கச் சொல்வார், நடக்கச் சொல்வார், மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். அந்த வாசகிக்கும் கிடைத்திருக்க வேண்டிய பதில் இதுதான்.

ஒப்பீட்டை ஓரளவு ஒழுங்காகச் செய்தவர்கள் அமெரிக்கர்கள். கைசர் பெர்மனென்ட்டி என்கிற மருத்துவ அமைப்பின் ஜார்ஜியா, கலிஃபோர்னியா பதிவுகளிலிருந்து 2018-ல் வந்த கட்டுரை. 2,842 திருநங்கைகள், ஒவ்வொருவருக்கும் பொருத்தமாகப் பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். அவர்கள் மடங்கில் மட்டும் சொல்லாமல் ஆள் கணக்கிலும் சொல்லியிருக்கிறார்கள். ரத்தக் கட்டி, ஆண்களைவிட, இரண்டு வருஷத்தில் ஆயிரத்துக்கு 4 பேருக்கு அதிகம். எட்டு வருஷத்தில் ஆயிரத்துக்கு 17 பேருக்கு. நாற்பத்தைந்து மடங்கு என்பதைக் கேட்டு நடுங்கியவர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, அந்தப் பதினேழில் நான் இல்லாமலிருக்க என்ன செய்யணும்?" என்று கேட்க முடியும்.

ஐந்தாம் பாகம், 2021. 4,568 பேர், 1972 முதல் 2018 வரை. திருநங்கைகள் ஆண்களைவிட 1.8 மடங்கு இறக்கிறார்கள், பெண்களைவிட 2.8 மடங்கு. காரணங்கள்: இதய நோய், நுரையீரல் புற்று, எச்.ஐ.வி., தற்கொலை. நுரையீரல் புற்று என்றதும் நமக்குத் தோன்றுவது சிகரெட், ஹார்மோன் அல்ல. ஆசிரியர்களும், இந்தச் சாவுகளை ஹார்மோன் தலையில் கட்ட ஆதாரமில்லை என்கிறார்கள். என்னை உலுக்கியது அடுத்த விஷயம். இத்தனை பத்தாண்டுகளில் இந்த அதிகப்படிச் சாவு குறையவே இல்லை. மருந்தை மாற்றினார்கள், டோஸைக் குறைத்தார்கள், பட்டை வந்தது, ஜெல் வந்தது. ஹாலந்து, உலகத்திலேயே சகிப்புத்தன்மைக்குப் பேர்போன தேசம். அங்கேயே வில்லனை வெளியே அனுப்பிய பிறகும் சாவு குறையவில்லை என்றால் வீட்டுக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள். அதே 2021-ல் அமெரிக்க இதய சங்கம் வெளியிட்ட அறிக்கை அந்த ஆளைச் சுட்டிக் காட்டுகிறது: ஒதுக்கப்படுவதால் வரும் இடைவிடாத மனஅழுத்தம், அதைத் தணிக்கப் பிடிக்கும் புகை, டாக்டரிடமே போகத் தயக்கம்.

இன்னொரு குறை. இத்தனை பாகத்திலும் ஒன்றுகூட, ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, இவர்களுக்கு மாத்திரை, இவர்களுக்குப் பட்டை என்று கொடுத்து, யாருக்கு மாரடைப்பு என்று பார்த்த ஆய்வில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 16,608 பேரை வைத்துச் செய்ய முடிந்தது. ஹார்மோன் கொடுக்காமல் பாதிப் பேரைக் காக்க வைப்பது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையா பட்டையா என்று பார்ப்பதில் என்ன அநியாயம்? ஐம்பது வருஷமாக யாருக்கும் காசும் அக்கறையும் ஒரே சமயத்தில் வரவில்லை.

திருநம்பிகளை எல்லாக் கட்டுரையும் ஓரமாகத்தான் நிறுத்துகிறது, நானும் அதையே செய்கிறேன் பாருங்கள். டெஸ்டோஸ்டெரோன் எடுத்தால் ரத்தம் கெட்டிப்படும், நல்ல கொழுப்பு குறையும். 2019 கட்டுரையில் அவர்களுக்கு மாரடைப்பு பெண்களைவிட 3.69 மடங்கு, ஆனால் எண்ணிக்கை சிறியது. 2023-ல் டெஸ்டோஸ்டெரோன் ஜெல்லை 5,200 ஆண்களிடம் சோதித்து, மாரடைப்பு கூடவில்லை என்று சந்தோஷச் செய்தி வந்தது (இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் கட்டியும் கொஞ்சம் அதிகம்). உடனே 'திருநம்பிகளுக்கும் நல்ல சேதி' என்று சிலர் எழுதினார்கள். அவர்கள் ஹார்மோன் குறைந்த நடுத்தர, முதிய வயது ஆண்கள். சராசரியாக மருந்து எடுத்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. இருபது வயதில் ஆரம்பித்து அறுபது வரை ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு இதிலிருந்து ஜோசியம் சொல்வது நியாயமில்லை.

இனி நம் ஊர். 2017-ல் வந்த அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டி, எத்தினைல் எஸ்ட்ராடியால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் வில்லனுக்கு வேலை போய்விட்டது. நம் மருந்துக் கடையில்? பெரும்பாலான கருத்தடை மாத்திரை அட்டைகளில் அவர்தான். சீட்டு இல்லாமல் கிடைக்கும், விலை மலிவு, கேள்வி கேட்கமாட்டார்கள். ஹார்மோன் டாக்டரைப் பார்க்க வசதியில்லாத, பார்த்த இடத்தில் மரியாதை கிடைக்காத திருநங்கைகள் இங்கே பல வருஷமாக நம்பியிருப்பது அந்த அட்டையைத்தான். இங்கே மட்டுமில்லை. கோரனே பிற்காலத்தில் தாய்லாந்தின் சியாங் மாயில் போய்ப் பார்த்தபோது, அங்கேயும் டாக்டர் இல்லாமல் கருத்தடை மாத்திரைதான் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த ஆம்ஸ்டர்டாம் புள்ளிவிவரம் இன்று ஹாலந்துக்காரருக்குப் பழங்கதை, நம் வாசகிக்கு நடப்புக் கதை. அந்த நாற்பத்தைந்து அங்கே போய்விட்டது. நம் தெருவில் இருக்கிறது. கட்டுரைகளின் மேல் இது புகார் இல்லை. அவற்றைப் பிரித்து நமக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மேல்.

'எல்லாத்தையும் நிறுத்திடு' என்ற டாக்டருக்கும் ஒரு வார்த்தை. அறுவை சிகிச்சை முடிந்தவரின் உடம்பில் சொந்த ஆண் ஹார்மோனும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்தினால் எந்த ஹார்மோனும் இல்லாமல் எலும்பு அரிக்க ஆரம்பிக்கும். மனசு என்னவாகும் என்பதற்கு 1989-ன் அந்த ஐந்து மடங்கு இருக்கிறது.

கடிதத்திலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், "நிறுத்திட்டேன் சார், நாலு நாளாச்சு" என்றார். என்ன மாத்திரை என்று கேட்டேன். "அதான் சார், கருத்தடை மாத்திரை. எங்க குரு சொல்லி ஆரம்பிச்சது. வீட்ல ஆறு பேருக்கும் அதேதான்."

"நாளைக்கு எத்தனைம்மா?"

"மூணு சார். வெள்ளை மாத்திரை மட்டும். அட்டையில கடைசி ஏழு பழுப்பு கலர்ல இருக்கும், அது சூடுன்னு தூக்கிப் போட்டுடுவோம்."

மூன்று முப்பது தொண்ணூறு. தூக்கிப் போட்ட ஏழும் இரும்புச் சத்து. அந்த அட்டையிலேயே ஒரு பாவமும் அறியாதவை.

சிகரெட் உண்டா என்றேன். "இருக்கு சார்" என்றார், கொஞ்சம் கழித்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு பிடித்தாலோ காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், போனதும் என்ன மாத்திரை எத்தனை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும் என்றேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஹார்மோன் டாக்டரிடம் போய், தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ எனக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள் என்றேன். பட்டை நம் மே மாத வியர்வையில் எவ்வளவு நேரம் ஒட்டும் என்பது வேறு விஷயம். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் அசல் எஸ்ட்ராடியால் மாத்திரையே தருவார்கள். அது ஈரல் வழியாகத்தான் போகும் என்றாலும் கொக்கி இல்லை.

"இருங்க சார், எழுதிக்கிறேன்." பேனா தேடும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ, "எனக்கும் கேளுடி" என்றார்கள். "எஸ்ட்ராடியால். ஸ்பெல்லிங் சொல்லுங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "முன்னாடி எத்தினைல்னு போட்டிருந்தா வாங்காதீங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.